கொம்பும் குரலும்

நம் முன்னோர் இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி என ஐவகையாகப் பகுத்தனர். மனிதனின் மிடற்றையும் ஒரு கருவியாகவே அவர்கள் எண்ணியது வியத்தற்குரியது. மரத்தாலும் தோலாலும் உலோகத்தாலும் ஆகிய கருவிகளோடு உயிருள்ள தொண்டையையும் ஒரே வரிசையில் வைத்தமையால், இசை எங்கிருந்து பிறப்பினும் இசையே என்னும் உண்மையை அவர்கள் உணர்த்தினர். இவ்வுண்மைக்கு மேலைநாட்டு இசையுலகிலும் நல்ல சான்றுகள் உள. அவற்றுள் ஒன்று, மிடறும் துளைக்கருவியும் நரம்புக்கருவிகளும் கூடி இசைத்த ஓர் அரங்கேற்றமாகும்.

1943ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாள் இலண்டன் மாநகரில் விக்மோர் மண்டபத்தில் அவ்வரங்கேற்றம் நிகழ்ந்தது. அரங்கேறிய இசை, பெஞ்சமின் பிரிட்டன் என்னும் இசையாசிரியர் இயற்றிய 'செரினேட்' என்பது. செரினேட் என்பதனை மாலையிசை என்று நாம் கூறலாம். டெனர் எனப்படும் உயர்ந்த ஆண்குரல் ஒன்று, கொம்பு ஒன்று, நரம்புக்கருவிக் குழு ஒன்று ஆகிய மூன்றுமே அதற்கு வேண்டுவன. முரசில்லை, எக்காளமில்லை, பியானோவும் இல்லை. இசைத்து முடிக்க அரைமணி நேரமும் ஆகாது. எனினும் அம்மாலையிசை இன்றளவும் உலக அரங்குகளில் ஒலித்து வருகின்றது.

அந்நாள் எத்தகைய நாள் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டாம் உலகப்போர் மூண்டு நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. பகைவர் விமானங்கள் குறி காணாதிருக்கும்பொருட்டு, இலண்டன் நகரத் தெருவிளக்குகள் இரவில் அணைக்கப்பட்டன. வீட்டுச் சாளரங்கள் கருந்துணியால் மறைக்கப்பட்டன. குண்டு வீச்சால் இடிந்த கட்டடங்கள் தெருத்தோறும் நின்றன. மாலைப்பொழுது என்றால் மக்களுக்கு அச்சமே முதலில் தோன்றிய காலம் அது. அத்தகைய காலத்தில், மாலையின் அழகையும் இரவின் அமைதியையும் துயிலின் இனிமையையும் பாடும் இசை அந்நகரில் பிறந்தது.

அம்மண்டபத்தின் வரலாறும் அறியத்தக்கது. பெர்லின் நகரத்துப் புகழ்பெற்ற பியானோ நிறுவனமாகிய பெக்ஸ்டைன் நிறுவனத்தாரே அதனைக் கட்டுவித்தனர். 1901ஆம் ஆண்டு பெக்ஸ்டைன் மண்டபம் என்னும் பெயரால் அது திறக்கப்பெற்றது. முதல் உலகப்போர் மூண்டபோது, பகைநாட்டார் உடைமை என அது கைப்பற்றப்பட்டு விற்கப்பட்டது. 1917ஆம் ஆண்டு விக்மோர் மண்டபம் எனப் பெயர் மாறி மீண்டும் திறந்தது. ஒரு போர் அதன் பெயரை மாற்றியது; மற்றொரு போரின் நடுவில் இவ்வரங்கேற்றம் நிகழ்ந்தது.

மேடை ஏறியவர்களை நோக்குவோம். இசையாசிரியர் பிரிட்டன் 1913ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் கீழைக் கடற்கரையில் உள்ள லோஸ்டாப்ட் என்னும் ஊரில் பிறந்தவர். கொல்லாமையைக் கொள்கையாகக் கொண்டவர். 1939ஆம் ஆண்டு அமெரிக்கா சென்ற அவர், தாய்நாடு துன்புறுங்கால் அயல்நாட்டில் இருத்தலைப் பொறாராய், 1942ஆம் ஆண்டு கடல்வழியே திரும்பினார். பகைக்கப்பல்கள் உலவிய கடலைக் கடந்து வந்தாரேனும், படைக்கலம் ஏந்த அவர் உடன்படவில்லை. தம் கொள்கையை விசாரணை மன்றத்தின் முன் எடுத்துரைத்தார். மேல்முறையீட்டின் பின்னரே போர்ப்பணியினின்று அவருக்கு முழுவிலக்குக் கிடைத்தது. ஊர்தோறும் சென்று எளிய மக்களுக்கு இசை விருந்து அளிப்பதைத் தம் தொண்டாகக் கொண்டார். உறவினரைப் போர்க்களத்திற்கு அனுப்பிவிட்டு ஏங்கியிருந்தோர் நிறைந்த நாட்டில், அவர் கொண்ட நெறி எல்லார்க்கும் உவப்பாய் இருந்திராது. அதனை அறிந்தும் அவர் தம் நெறியினின்று வழுவவில்லை.

கொம்பு இசைத்தவர் டென்னிஸ் பிரெயின் என்னும் இளைஞர். அன்று அவருக்கு வயது 22. அவர்தம் பாட்டனாரும் கொம்பு இசைஞர். தந்தையார் ஆப்ரி பிரெயின், பி.பி.சி. சிம்பொனி இசைக்குழுவில் தலைமைக் கொம்பிசைஞராய் விளங்கியவர். இராயல் இசைக்கழகத்தில் தந்தையாரிடமே டென்னிஸ் பயின்றார். போர் தொடங்கியதும் விமானப்படையின் இசைக்குழுவிற் சேர்ந்து படைவீரர் உடை அணிந்தார். 1942ஆம் ஆண்டில் வானொலி நிகழ்ச்சிகள் சிலவற்றிற்குப் பிரிட்டன் இசை அமைத்தபோது, அதனை இசைத்தது விமானப்படை இசைக்குழுவே. அங்கேதான் அவ்விளைஞரின் திறன் இசையாசிரியரின் செவிக்கு எட்டியது. அந்நட்பின் கனியே இம்மாலையிசை.

பாடியவர் பீட்டர் பியர்ஸ். 1910ஆம் ஆண்டு பிறந்த இவர் பிரிட்டனின் உற்ற தோழர். அமெரிக்கா சென்றபோதும் மீண்டபோதும் உடன் இருந்தவர். போர்த்தொழிலை மறுத்ததிலும் உடன் நின்றவர். குழுவை நடத்தியவர் வால்டர் கோயர் என்பார். அவர் பெர்லினில் பிறந்த யூதர். ஹிட்லரின் கொடுங்கோன்மை யூதர்களை வருத்திய 1930ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தை வாழ்விடமாகக் கொண்டவர். இவ்வாறு, படையுடை பூண்டவர் ஒருவரும், படைக்கலம் மறுத்தவர் இருவரும், பகைநாட்டில் பிறந்தவர் ஒருவரும் அன்று ஓரிசைக்காக ஒன்றுகூடினர். வெளியே உலகம் நாடு நாடாகப் பிரிந்து நின்று பொருதது. உள்ளே அவர்கள் ஒருவர் மூச்சுக்கு மற்றவர் காத்திருந்து இசைத்தனர்.

இனி, இவ்விசையின் உயிராகிய கொம்பின் இயல்பை அறிதல் நன்று. தமிழில் கொம்பு என்னும் சொல் விலங்கின் கொம்பையும் ஊதுகருவியையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலத்தில் ஹார்ன் என்னும் சொல்லும் அவ்வாறே இரண்டனையும் குறிக்கும். மாந்தர் முதலில் ஊதியது விலங்கின் கொம்பே என்பதற்கு இச்சொற்களே சான்று. ஐரோப்பாவில் வேட்டையாடுவோர் காட்டில் ஒருவரையொருவர் அழைக்கக் கொம்பூதினர். பின்னர் அது பித்தளைக் குழாயாயிற்று. குதிரைமேல் செல்வோர் தோளில் மாட்டிக்கொள்ள ஏற்ற வண்ணம் வட்டமாக வளைக்கப்பட்டது. காட்டினின்று அரங்கிற்கும் வந்தது. சுருளை நீட்டி நிமிர்த்தினால் அக்குழாய் ஏறத்தாழ 12 அடி நீளம் இருக்கும்.

குழாய் ஒன்றை ஊதினால் நாம் விரும்பிய ஓசையெல்லாம் அதனின்று எழா. அதன் அடியோசை நொடிக்கு 50 அதிர்வு உடையது எனக் கொள்வோம். இதழை இறுக்கி ஊத ஊத, 100, 150, 200, 250 என மடங்கு மடங்காகவே மேலோசைகள் எழும். இடைப்பட்ட ஓசைகள் பிறவா. இதனை இயற்கை ஓசைநிரல் எனலாம். இந்நிரலில் ஏழாம் ஓசை 350 அதிர்வு உடையது. பியானோவில் அதற்கு நேராக உள்ள ஓசையோ ஏறத்தாழ 356. பதினோராம் ஓசை 550. பியானோவில் அதன் இருமருங்கும் நிற்பவை ஏறத்தாழ 534, 566 என்பன. எனவே கொம்பின் பதினோராம் ஓசை இரு கட்டைகளுக்கு நடுவே நிற்கின்றது. பியானோவில் அதற்கு இடமே இல்லை.

இக்குறையை நீக்கக் கலைஞர்கள் பல வழி தேடினர். 18ஆம் நூற்றாண்டில் கொம்பின் அகன்ற வாயினுள் வலக்கையைச் செலுத்தி, அதனை மூடியும் திறந்தும் ஓசையை மாற்றக் கற்றனர். இன்றும் கொம்பிசைஞர் வலக்கையைக் கொம்பின் வாயினுள் வைத்திருத்தல் அப்பழக்கத்தின் எச்சமே. 1810ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் வால்வு என்னும் அடைப்பான் கண்டறியப்பட்டது. அதனை விரலால் அழுத்தினால் காற்று மிகைக் குழாய் ஒன்றின் வழியே சென்று திரும்பும்; குழாயின் நீளம் மாறும்; வேண்டிய ஓசை பிறக்கும். அதன் பின்னர்க் கொம்பு எல்லாச் சுரங்களையும் பேச வல்லதாயிற்று.

பிரிட்டன் இவ்வளவும் நன்கு அறிந்தவர். 1943ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில் அவர் தட்டம்மை நோயுற்று மருத்துவமனையில் கிடந்தார். அந்நாள்களில் தொடங்கிய பணியே இது. ஆங்கிலப் புலவர்களின் பாடல்களினின்று, மாலை, இரவு ஆகிய பொழுதுகளைப் பற்றியவற்றைத் தேர்ந்தெடுத்தார். தேர்வில் துணை நின்றவர் எட்வர்டு சாக்வில்-வெஸ்ட் என்னும் எழுத்தாளர்; இசையும் அவருக்கே உரிமையாக்கப்பட்டது. பாடல்கள் ஆறு. முன்னும் பின்னும் கொம்பு மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதிகள் இரண்டு. ஆக எட்டுப் பகுதிகள்.

முதற்பகுதியில் குரலும் இல்லை, நரம்பும் இல்லை. அமைதியினூடே கொம்பு ஒன்றே மெல்ல எழுகின்றது. தொலைவில் மலைச்சாரலில் யாரோ ஊதுவது போன்ற உணர்வு உண்டாகின்றது. ஈண்டு இசைஞர் வால்வைத் தொடுதல் கூடாது. இயற்கை ஓசைகளையே ஊதுதல் வேண்டும் என்பது ஆசிரியர் கட்டளை. ஆதலின், பியானோவிற் பழகிய செவிக்குச் சில ஓசைகள் தாழ்ந்தும் சில விலகியும் தோன்றும்.

அடுத்துச் சார்ல்ஸ் காட்டன் பாடிய அந்திப்பாட்டு. கதிரவன் சாயச் சாய நிழல்கள் நீண்டு வளர்வதை அது கூறும். குரல் மெல்ல இறங்கக் கொம்பும் அதனைத் தொடர்ந்து இறங்குகின்றது. பின்னர் டென்னிசன் இயற்றிய இரவுப்பாட்டு. கோட்டை மதில்மேல் கதிரொளி வீழ, ஊதுகொம்பின் எதிரொலி மலைதோறும் சென்று தேய்வதைப் புலவர் பாடுவார். குரல் அழைக்கக் கொம்பு விடை தருகின்றது. ஒலி சிறிது சிறிதாக அடங்குகின்றது.

நான்காவது பிளேக் பாடிய இரங்கற்பாட்டு. இரவில் வந்த புழு ஒன்று ரோசாவின் உயிரை அரிப்பதைச் சில அடிகளிற் கூறுவது அது. இதில் கொம்பே முதலில் நெடுநேரம் புலம்புகின்றது. குரல் இடையே சில நொடிகள் மட்டும் பேசி ஓய்கின்றது. மீண்டும் கொம்பு புலம்புகின்றது. முடிவில் இசைஞர் கையால் கொம்பின் வாயை அடைக்கவே, ஓசை நெரிபட்டு வழுக்கி வீழ்கின்றது. அழகிய பொருள் ஒன்று உள்ளிருந்தே அழிவதைச் சொல் சொல்லியதினும் கொம்பு மிகுதியாகச் சொல்லிவிடுகின்றது.

ஐந்தாவது, பெயர் தெரியாத பழம்புலவர் ஒருவரின் சாப்பாட்டு. இறந்தவர் உடலருகே இரவெல்லாம் விழித்திருந்து பாடுவது. உயிர், முள் நிறைந்த பாழ்நிலத்தைக் கடந்து செல்லும் என்றும், வாழ்நாளில் பிறருக்குக் காலணி ஈந்தவர்க்கு அங்கே காலணி கிடைக்கும், ஈயாதவர் முள்மேல் நடப்பர் என்றும் அப்பாட்டுக் கூறும். ஈகையே உயிர்க்கு ஊதியம் என்னும் அறம் எல்லா நாட்டிற்கும் பொதுவன்றோ! குரல் உச்சத்தில் நின்று, சற்றும் மாறாத ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகின்றது. நரம்புக்கருவிகளோ கீழ்க்குரலினின்று ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடங்கி, அணிவகுத்து வரும் படைபோல் பெருகுகின்றன. பெருக்கின் முகட்டில் கொம்பு முழங்கி எழுகின்றது. நாள்தோறும் இறப்புச் செய்தி கேட்ட மக்களுக்கு அவ்விசை வெறும் கற்பனையாய் இருந்திருக்க முடியாது.

ஆறாவது, திங்களுக்கும் வேட்டைக்கும் தலைவியாகிய டயானாவைப் போற்றிப் பென் ஜான்சன் பாடியது. இதில் கொம்பு தன் பழைய வேட்டைத்தொழிலை நினைந்தாற்போலத் துள்ளி ஓடுகின்றது. ஏழாவது, துயிலை நோக்கிக் கீட்ஸ் பாடியது. இதில் கொம்பு வாய் திறப்பதில்லை. காரணம் பின்னரே விளங்கும். இப்பாட்டு நிகழுங்கால் கொம்பிசைஞர் ஓசையின்றி எழுந்து மேடையை விட்டு அகல்கின்றார். குரலும் நரம்பும் துயிலில் அடங்கியதும், தொடக்கத்தில் கேட்ட அதே கொம்பிசை இப்போது மேடைக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத இடத்தினின்று வருகின்றது. அருகில் கேட்டது தொலைவிற் கேட்கின்றது. அத்துடன் மாலையிசை முடிகின்றது.

அரங்கேற்றம் நல்ல வரவேற்பைப் பெற்றது. 1944ஆம் ஆண்டில் பியர்சும் பிரெயினும் இசைக்க, பிரிட்டனே குழுவை நடத்த, இசைத்தட்டும் வெளிவந்தது. ஆயினும், முதற்பகுதியிலும் இறுதிப்பகுதியிலும் கேட்கும் விலகிய ஓசைகளைக் கேட்டு, கொம்பிசைஞர் பிழைபட ஊதினார் என்று எண்ணுவார் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். இசைஞரின் இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. வால்வைச் சிறிது தொட்டால் போதும். பழகிய செவிகள் அமைதியுறும். எவரும் குறை கூறார். ஆனால் அவ்வாறு செய்தல் ஆசிரியர் கருத்தைச் சிதைப்பதாகும். பிழையின்றி ஊத வல்ல கலைஞன், பிழை செய்தான் என்னும் பழியை ஏற்று உண்மையை ஊதுதல் வேண்டும். பிரெயின் அதனையே செய்தார். அவ்வோசைகள் பிழையல்ல, குழாயின் இயல்பு. மனிதர் வகுத்த அளவுகோலுக்கு அடங்காமை மட்டுமே அவற்றின் குற்றம்.

குழாயின் இயல்பைப் பிரெயின் விளையாட்டாகவும் மெய்ப்பித்துக் காட்டினார். 1956ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த நகைச்சுவை இசைவிழா ஒன்றில், தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் குழாயையே கொம்பாகக் கொண்டு லியோபோல்டு மொசார்ட்டின் இசைப்பகுதி ஒன்றை அவர் இசைத்தார். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்னும் பழமொழி அன்று கண்கூடாயிற்று.

அக்கலைஞரின் வாழ்நாள் நீளவில்லை. 1957ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள், எடின்பரோ விழாவில் இசைத்துவிட்டு இரவெல்லாம் காரோட்டி இலண்டனுக்குத் திரும்பும் வழியில், ஹாட்பீல்டு என்னும் ஊரில் அவர் கார் மரத்தில் மோதியது. அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 36. பிரெஞ்சு இசையாசிரியர் பூலேங்க் அவர் நினைவாகக் கொம்பிற்கும் பியானோவிற்கும் இரங்கலிசை ஒன்று இயற்றினார். காரில் உடன் இருந்த கொம்பும் நசுங்கிப்போயிற்று. கைவல்ல கம்மியர் அதனைச் செப்பனிட்டனர். அது பின்னர் அவர் பயின்ற இராயல் இசைக்கழகத்தின் காட்சிப்பொருளாயிற்று. பிரிட்டன் 1976ஆம் ஆண்டிலும், பியர்ஸ் 1986ஆம் ஆண்டிலும் மறைந்தனர்.

இசைத்தோர் மறைந்தனர், இசை மறையவில்லை. இன்று அதனை இசைக்கும் அரங்கு எதுவாயினும், கொம்பிசைஞர் ஒருவர் துயிற்பாட்டின் நடுவே எழுந்து திரைக்குப்பின் செல்லவே செய்கின்றார். வெற்றிடமாகிய அவ்விருக்கையைக் காண்போர்க்கு, இளமையிலேயே மேடையை விட்டகன்ற முதற்கலைஞரின் நினைவு எழுதல் இயல்பே. அதன்பின் தொலைவிலிருந்து கொம்பு ஒலிக்கின்றது.

போர் செய்தவர்களின் ஆரவாரம் அடங்கிவிட்டது. அதன் நடுவே மெல்ல எழுந்த இசை நிலைத்துவிட்டது. உலகம் வகுத்த அளவிற்குள் அடங்காத ஓசையும் தன் இடத்தில் நின்று மெய்யாக ஒலித்தால் இனிமையே தரும் என்பதை அக்கொம்பு கற்பிக்கின்றது. பழிக்கு அஞ்சித் தன் குரலை மாற்றாதவன் கலைஞன். தன் குரலோடு பிறர் குரலுக்கும் செவி கொடுப்பவன் நல்ல கலைஞன். இவ்விரு பண்பும் இசைக்கே அன்றி வாழ்க்கைக்கும் அணியாகும்.